ஒரே பெயர், நாலு வேலை: கண்ணுக்குள் லேசர் வந்த கதை

ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.



சென்னையில ஒரு குடும்பத்தை எடுத்துக்கோங்க. மயிலாப்பூர்ல இருக்கிற தாத்தா, "கண்புரையை லேசர் வெச்சு எடுத்துட்டாங்க"ன்னு சொல்வார். தி. நகர்ல வேலை பார்க்கிற பேத்தி, கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டிடணும்னு "லேசர் பண்ணிக்கலாமா"ன்னு விசாரிச்சிட்டு இருப்பா. அடையாறு மாமாவுக்குச் சர்க்கரை. டாக்டர் அவர்கிட்ட "விழித்திரைக்கு லேசர் வைக்கணும்"னு சொல்லியிருப்பார். மூணு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்றாங்க. ஆனா மூணும் மூணு வேற விஷயம். இதில் இன்னொரு வேடிக்கை, தாத்தாவுக்கு நடந்த ஆபரேஷன்ல பெரும்பாலும் லேசரே இருந்திருக்காது.

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. இந்தக் குழப்பத்துக்கு விலை இருக்கிறது. சில பேர் அந்த விலையைப் பார்வையாகவே கொடுக்கிறார்கள். அதனால் இன்றைக்குக் கண்ணுக்குள் லேசர் எப்படி வந்தது, எந்த லேசர் எந்த நோய்க்காக வந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் வரலாறு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ராயப்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு

முதலில் நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். கண்ணுக்கென்று தனி மருத்துவமனை என்ற யோசனை உலகத்திலேயே அப்போது புதுசு. லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் 1805-ல் தொடங்கியது. அடுத்த பதினாலு வருஷத்தில், 1819-ல், மெட்ராஸில் கண் மருத்துவமனை வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய அதற்கு ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவர் முதல் தலைவர். ஆரம்பித்த இடம் ராயப்பேட்டை. 1880-களில்தான் இப்போது எழும்பூரில் நாம் பார்க்கும் இடத்துக்குப் போனது.

தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் இருந்த காலமும் அதுதான். அவர் கண் நோயாளிகளைப் பற்றி எழுதி வைக்கச் சொன்ன குறிப்புகளும் கண்களின் வண்ணப் படங்களும் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அதாவது, நோயாளியைப் பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

அந்தக் காலத்தில் கண் வைத்தியம் என்றால் முக்கியமாகப் புரைதான். நாட்டு வைத்தியர்கள் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும், வைத்தியர் காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். பிறகு கண் சீழ் பிடிக்கும், அழுத்தம் ஏறும், பல பேருக்குப் பார்வை மொத்தமாகப் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூர் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் இப்படிக் கெட்டுப்போன கண்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சின் எலியட் வேறு ஆள், குழப்பிக்க வேண்டாம். இந்த எலியட் 1909-ல் கண் அழுத்த நோய்க்கு, கண்ணின் ஓரத்தில் சின்ன வட்டத் துளை போட்டு நீரை வடிய விடும் ஓர் அறுவை சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். மெட்ராஸிலிருந்து உலகம் முழுக்கப் போன முறை அது.

நாம எல்லாரும் சொல்ற 'மெட்ராஸ் ஐ' என்ற பெயரும் இந்த மருத்துவமனையோடு சேர்ந்ததுதான். 1918 வாக்கில் இங்கே பரவிய கண் நோயைப் பதிவு செய்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் இங்கேதான் அமைந்தது. டாக்டர் முத்தையா 1948-ல் இங்கே கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கு. லேசர் வருவதற்கு முன்பே கத்தியையும் ஊசியையும் தையலையும் வைத்துக் கண்ணின் முன்பகுதியில் நிறைய செய்ய முடிந்தது. ஆனால் கண்ணின் பின்சுவரில் இருக்கிற விழித்திரைக்கு இவற்றைக் கொண்டு போவது கடினம். கண்ணைத் திறக்காமல் உள்ளே போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஒளி.

முதல் வேலை: சுடுவது

1945 ஜூலை 9-ம் தேதி ஐரோப்பாவில் சூரிய கிரகணம். ஜெர்மனியில் ஒரு மருத்துவ மாணவர் அதை வெறும் கண்ணால் பார்த்தார். விழித்திரையின் நடுவில் சூடு பட்டது. அவரைப் பரிசோதித்த இளம் கண் மருத்துவர் பெயர் மையர் ஷ்விக்கராத். கிரகணம் பிடிச்சா வெறும் கண்ணால பார்க்காதேன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது எவ்வளவு சரின்னு காட்டுற தழும்பு அது. இவருக்கு மட்டும் அந்தத் தழும்பைப் பார்த்ததும் வேறு ஒன்று தோன்றியது. வெளிச்சத்தால் விழித்திரையில் தழும்பு உண்டாக்க முடியும் என்றால், கிழிந்த விழித்திரையைச் சுற்றி வேண்டுமென்றே அப்படி ஒரு தழும்பு போட்டு ஒட்டவைக்கலாமே?

அவர் சூரிய ஒளியையே கண்ணாடிகள் மூலம் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் அனுப்பிப் பார்த்தார். மேகம் வந்தால் வைத்தியம் நின்றுவிடும். பிறகு 1950-களில் செனான் விளக்கு வைத்த கருவி வந்தது.

1960 மே மாதம் அமெரிக்காவில் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கினார். ரூபிக் கல்லை வைத்துச் செய்தது. அடுத்த வருஷமே, 1961 டிசம்பரில், நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த சிறு கட்டியை லேசரால் அழித்தார்கள். லேசர் மனித உடலுக்குள் வைத்தியமாகப் போன முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று இது. 1968 வாக்கில் ஆர்கான் லேசர் வந்தது. இதன் பச்சை, நீல ஒளி முக்கியமான விஷயம். கருவிழி, லென்ஸ் இரண்டும் கண்ணாடி மாதிரி தெளிவானவை, பச்சை ஒளியைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். பின்னால் இருக்கும் விழித்திரையின் நிறமியும் ரத்தத்தின் சிவப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் சூடு. ஜன்னல் கண்ணாடி சுடாமல், உள்ளே இருக்கும் கறுப்புத் தரை சுடுகிற மாதிரி.

இது யாருக்குத் தேவைப்பட்டது? முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடும். பட்டினி கிடக்கும் விழித்திரை புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிக் கூப்பிடும். அந்தப் புதுக் குழாய்கள் மெல்லியவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். லேசர் செய்வது என்னவென்றால், விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கில் சிறு சூட்டுப் புள்ளிகள் வைப்பது. ஓரத்தைக் கொஞ்சம் தியாகம் செய்து, நடுப்பகுதியைக் காப்பாற்றுவது. இது வேலை செய்கிறதா என்று அமெரிக்காவில் 1971-ல் தொடங்கி 1,700 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 1976-ல் முடிவு வந்தது: கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

இதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? திருவல்லிக்கேணியில் 1940-ல் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எஸ்.எஸ். பத்ரிநாத், அமெரிக்காவில் விழித்திரை சிகிச்சை கற்றுக்கொண்டு 1970-ல் ஊர் திரும்பினார். அடையாறில் டாக்டர் சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனையில் ஆலோசகராக இருந்தார், பிறகு வடபழனி விஜயா மருத்துவமனையில். 1978-ல் சங்கர நேத்ராலயா தொடங்கியது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1957-ல், ஜெய்வீர் அகர்வாலும் தாஹிரா அகர்வாலும் சென்னையில் தங்கள் கண் மருத்துவமனையை ஆரம்பித்திருந்தார்கள். கதீட்ரல் ரோட்டில் கண் மாதிரியே கட்டிய அவர்கள் கட்டடம் பஸ்ஸில் போகிற குழந்தைகளுக்கெல்லாம் ஒரு வேடிக்கை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். கண்ணுக்கென்று மெட்ராஸுக்கு ரயில் ஏறி வரும் பழக்கம் வெளி மாநிலங்களுக்கும் பரவியது இப்படித்தான்.

இப்ப அந்த விலையைப் பற்றிச் சொல்றேன். என் பெரியப்பாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை. விழித்திரைக்கு லேசர் வெச்சாங்க. மூணு தடவை வரணும்னு சொன்னாங்க. ரெண்டு தடவை போனார். "பார்வை ஒண்ணும் கூடல, ராத்திரி முன்னைவிட மங்கலாத் தெரியுது, எதுக்கு வீண் செலவு"ன்னு மூணாவது தடவை போகலை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "எனக்கும்தான் லேசர் பண்ணாங்க, மறுநாளே பேப்பர் படிச்சேன்"ன்னு சொல்லிட்டார். அவருக்கு நடந்தது புரை ஆபரேஷன். இது ரெண்டும் ஒண்ணுன்னு பெரியப்பா நம்பினார். அடுத்த வருஷம் ஒரு காலையில எழுந்தப்ப ஒரு கண்ணில் கறுப்புத் திரை. உள்ளே ரத்தக்கசிவு. அந்தக் கண்ணில் பார்வை பழையபடி திரும்பவே இல்லை.

அவரிடம் யாராவது ஒரே ஒரு வாக்கியம் தெளிவாகச் சொல்லியிருக்கணும்: இந்த லேசர் பார்வையைக் கூட்டுறதுக்கு இல்ல, இருக்கிற பார்வை போகாம பிடிச்சு வைக்கிறதுக்கு. ஓரப்பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், அது இந்த வைத்தியத்தின் கணக்கிலேயே உண்டு.

இன்றைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன, பல பேருக்கு அதையும் லேசரையும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. சென்னையிலேயே நடந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள், ஒன்று சங்கர நேத்ராலயா செய்தது, இன்னொன்று டாக்டர் மோகன் குழுவினர் செய்தது, சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதாகச் சொல்கின்றன. ஐந்தாறு பேரில் ஒருவர். ஆரம்பத்தில் வலி கிடையாது, மங்கல் கிடையாது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்வது.

இரண்டாவது வேலை: கிழிப்பது

அடுத்து தாத்தாவின் புரைக்கு வருவோம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் வயதாக ஆக மங்குவதுதான் புரை. அதை எடுத்துவிட்டால் ஒரு காலத்தில் தடிமனான சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். 1949 நவம்பரில் லண்டனில் ஹரால்ட் ரிட்லி செயற்கை லென்ஸை முதல்முறையாகக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் சிதறிப் புகுந்த பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளே தொந்தரவு தராமல் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை அது. 1967-ல் சார்லஸ் கெல்மன், அமெரிக்காவில், மீயொலி அதிர்வால் புரையை உடைத்துச் சின்னத் துளை வழியாக உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். பல்லுக்குக் கறை எடுக்கும் கருவியைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். இதற்குப் பெயர் பேக்கோ. தையல் இல்லை, கட்டு இல்லை, அன்றைக்கே வீடு. இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதால் நம்ம ஊர் பேச்சில் இது 'லேசர் ஆபரேஷன்' ஆகிவிட்டது. ஆனால் அங்கே வேலை செய்தது ஒலி. இப்போது சில இடங்களில் முதல் வெட்டுகளை லேசரால் போடுகிறார்கள் என்பது உண்மைதான். அப்போதும் புரையை உறிஞ்சி எடுப்பது பெரும்பாலும் அதே மீயொலிதான்.

லேசர் உண்மையில் வருவது பிறகு. புரையை எடுக்கும்போது லென்ஸைச் சுற்றியிருந்த மெல்லிய பையை விட்டுவைப்பார்கள், புது லென்ஸை உட்கார வைக்க. மாதங்களோ வருஷங்களோ கழித்து அந்தப் பையின் பின்பக்கம் சிலருக்கு மங்கிவிடும். "புரை திரும்ப வளர்ந்துடுச்சு"ன்னு பயந்து வருவாங்க. புரை திரும்ப வளராது. மங்கிய பையின் நடுவில் ஒரு ஜன்னல் திறந்துவிட்டால் போதும். 1980 வாக்கில் பிரான்சிலும் ஸ்விட்சர்லாந்திலும் உருவான யாக் லேசர் அதைச் செய்கிறது. இது சுடுவதில்லை. நொடியில் கோடிக்கணக்கான பங்கு நேரத்துக்குள் ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, அங்கே சிறு வெடிப்பை உண்டாக்கிக் கிழிக்கிறது. வலி கிடையாது, சில நிமிஷ வேலை.

இதே யாக் லேசரை இன்னொரு இடத்திலும் பயன்படுத்துவார்கள். கண்ணுக்குள் நீர் வடியும் மூலை சிலருக்குக் குறுகலாக இருக்கும். அது திடீரென அடைத்துக்கொண்டால் கடும் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், சில மணி நேரத்தில் பார்வை ஆபத்து. முன்கூட்டியே கண் பாப்பாவைச் சுற்றியுள்ள வண்ணத் திரையின் ஓரத்தில் லேசரால் ஒரு துளை போட்டுவிட்டால் நீருக்கு மாற்று வழி கிடைக்கும்.

கண் அழுத்த நோயின் இன்னொரு வகை இதைவிடப் பொல்லாதது. சத்தமே போடாது. ஓரப்பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நாற்பது வயது கடந்தவர்களிடம் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. எலியட் துளை போட்ட அதே ஊரில்! போன பார்வை எந்த லேசராலும் திரும்பாது. சொட்டு மருந்தாலோ லேசராலோ அறுவை சிகிச்சையாலோ இருப்பதை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது வேலை: செதுக்குவது

இப்ப பேத்தியின் கேள்விக்கு வரலாம். இந்தக் கதைக்குள் ஒரு மெட்ராஸ் பட்டதாரி வருகிறார்.

ரங்கசாமி சீனிவாசன், 1929-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இளங்கலை, 1950-ல் முதுகலை. பிறகு அமெரிக்கா போய் 1956-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1961-ல் நியூயார்க் மாகாணத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேதியியலாளராகச் சேர்ந்தார். கண்ணுக்கும் அவர் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒளி பட்டால் பிளாஸ்டிக் எப்படி உடைகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி, கம்ப்யூட்டர் பாகங்கள் செய்ய உதவும் என்று. 193 நானோமீட்டர் அளவுள்ள புறஊதா எக்சைமர் லேசர் பிளாஸ்டிக்கை உருக்காமல், கருக்காமல், சுத்தமாகச் செதுக்குவதை அவர் கண்டார். அந்த ஒளித்துகளின் ஆற்றல் மூலக்கூறின் பிணைப்பையே நேராக உடைத்துவிடுகிறது. உடைந்த துணுக்குகள் சூட்டையும் கூட்டிக்கொண்டு பறந்துவிடுகின்றன, பக்கத்தில் சூடு பரவ நேரமே இல்லை.

அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரண்டு சகாக்களும் கேட்டுக்கொண்ட கேள்வி: பிளாஸ்டிக்குக்குப் பதில் உயிருள்ள திசுவாக இருந்தால்? 1981 நவம்பர் 27. அதற்கு முந்தின நாள் அமெரிக்கர்களின் நன்றி நவிலல் பண்டிகை. விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பை சீனிவாசன் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். எக்சைமர் லேசரை வைத்து அதில் செதுக்கினார்கள். சாதாரண பச்சை லேசரையும் வைத்துப் பார்த்தார்கள். பச்சை லேசர் பட்ட இடம் கருகியது. எக்சைமர் பட்ட இடம் உளி வைத்துச் செதுக்கினது போலச் சுத்தமாக இருந்தது. பிறகு ஒற்றைத் தலைமுடியில் வரிசையாகப் பள்ளங்கள் செதுக்கிக் காட்டிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

நியூயார்க்கைச் சேர்ந்த கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் இதைக் கேள்விப்பட்டு வந்தார். இருவரும் சேர்ந்து கால்நடைகளின் கண்களில் செய்து பார்த்ததை 1983-ல் வெளியிட்டார்கள். முன்பு சொன்ன கணக்கு இங்கே தலைகீழ். பச்சை ஒளி கருவிழியைத் தாண்டி உள்ளே போகும். 193 நானோமீட்டர் ஒளி கருவிழியின் மேல்பரப்பிலேயே முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும், உள்ளே ஒரு துளிகூடப் போகாது. ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் மட்டும் நீங்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.

இதில் பவர் எப்படிச் சரியாகிறது? கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது கருவிழி. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் கொஞ்சம் நீளமாக வளர்ந்திருக்கும், பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கருவிழியின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் பிம்பம் பின்னால் நகர்ந்து சரியான இடத்தில் விழும். தூரப்பார்வைக்கு நடுவைச் செங்குத்தாக்க வேண்டும். சிலிண்டர் பவருக்கு ஒரு திசையில் மட்டும் அதிகம் செதுக்க வேண்டும். கருவிழியின் வடிவத்தை மாற்றிப் பவரைச் சரிசெய்யலாம் என்பதை கொலம்பியாவில் ஹோசே பராக்கர் என்ற மருத்துவர் 1950, 60-களிலேயே செய்து காட்டியிருந்தார், கருவிழியின் மேல்துண்டை எடுத்து உறையவைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, திரும்பத் தைத்து. அவரிடம் யோசனை இருந்தது, நுணுக்கமான உளி இல்லை. அந்த உளியைத் தந்தது ஐ.பி.எம். ஆய்வகம்.

1988-ல் அமெரிக்காவில் மார்கரிட் மெக்டொனால்ட், பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் முதன்முதலாக இதைச் செய்தார். புற்றுநோயால் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்த ஒரு பெண்மணி, எடுப்பதற்கு முன் செய்து பாருங்கள் என்று முன்வந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்த ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்கும் இந்த முறை பி.ஆர்.கே. சில நாள் வலி, மெதுவாக ஆறும். 1990 வாக்கில் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் யோவானிஸ் பாலிகாரிஸ், கருவிழியில் ஒரு மெல்லிய மூடியைக் கிளப்பி, அடியில் செதுக்கி, மூடியைத் திரும்பப் படியவைத்தார். அதுதான் லேசிக். வலி குறைவு, மறுநாளே பார்வை. 1990-களிலேயே நம் நாட்டுக்கும் வந்துவிட்டது.

சீனிவாசனுக்கும் சகாக்களுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2013 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஒபாமா கையால் வாங்கினார்கள். நம்ம ஊர்ல லேசிக் விளம்பரம் பார்க்காத நாள் இல்லை. சீனிவாசன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்காவது வேலை: வெட்டுவது

அந்த மூடியை முதலில் பிளேடால்தான் வெட்டினார்கள். 1993-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அதிவேக லேசர் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக லேசர் பட்டது. மருத்துவமனையில் பார்த்த இளம் மருத்துவர் ரான் குர்ட்ஸ், காயம் இவ்வளவு கச்சிதமாக, சுற்றிலும் சேதமில்லாமல் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அந்த ஆய்வகத்தை நடத்தியவர் ஜெரார் மூரு. இந்த வகை லேசருக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக அவரும் டோனா ஸ்டிரிக்லண்டும் 2018-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றைக்கு 'பிளேடு இல்லாத லேசிக்' என்று சொல்வதில் மூடியை வெட்டுவது இந்த ஃபெம்டோ லேசர். ஸ்மைல் என்ற முறையில் மூடியே இல்லை. கருவிழிக்குள்ளேயே ஒரு சிறு வில்லையை இந்த லேசரால் வெட்டி, சின்னக் கீறல் வழியாக உருவி எடுத்துவிடுகிறார்கள்.

கவனிச்சீங்களா? 1945-ல் கிரகணம் பார்த்த மாணவர், 1993-ல் ஆய்வகத்து மாணவர். இரண்டு தடவையும் ஒரு விபத்துக் காயத்தை உற்றுப் பார்த்த ஒரு மருத்துவர் இருந்தார்.

பேத்திக்குச் சொல்ல வேண்டியது

லேசிக் நல்ல வைத்தியம். சரியான கண்ணுக்குச் செய்தால் பெரும்பாலானவர்களுக்குத் திருப்தி. கேள்வி எப்போதும் 'சரியான கண்ணா' என்பதுதான். கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான் அளவில் இருக்கும். வழக்கமான அளவில், ஒரு டயாப்டர் பவருக்குச் சுமார் 12 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 8 என்றால் நூறு மைக்ரானைத் தொட்டுவிடும், அதோடு மூடியின் தடிமன் தனி. அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, இன்னும் அதிகம் வேண்டும் என்பவர்களும் உண்டு. வங்கியில் இருப்பு எவ்வளவு என்று பார்க்காமல் செலவு செய்யக் கூடாது இல்லையா, அதே கணக்கு.

சிலருக்குக் கருவிழி கூம்பாக வளரும் நோய் ஆரம்ப நிலையில் மறைந்திருக்கும். அடிக்கடி கண்ணைக் கசக்குகிறவர்கள், சிலிண்டர் பவர் மாறிக்கொண்டே இருப்பவர்கள் கவனம். இவர்களுக்குச் செதுக்கினால் பலவீனமான சுவரை மேலும் பலவீனமாக்குவதுதான். அதனால்தான் முன்பரிசோதனையில் கருவிழியின் வரைபடம் எடுக்கிறார்கள், அதற்கு முன்னால் கான்டாக்ட் லென்ஸைச் சில நாள் கழட்டி வைக்கச் சொல்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், கடந்த ஒரு வருஷத்தில் பவர் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கண் ரொம்ப உலர்ந்தவர்கள் காத்திருக்க வேண்டும். கல்யாணத் தேதி நெருங்குதுன்னு கண் காத்திருக்காது, கண்ணுக்காகத்தான் தேதியை யோசிக்கணும்.

செய்துகொண்டாலும் மூன்று விஷயம் மாறாது. ஒன்று, நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். அது உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கினதால் நிற்காது. இரண்டு, கண்ணாடி போனாலும் கண்ணின் நீளம் போகாது. பவர் அதிகம் இருந்தவர்களுக்கு விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கும். திடீரென மின்னல் வெட்டுவது போல் தெரிந்தால், கறுப்புப் புள்ளிகள் கொட்டினால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூன்று, பின்னாளில் புரை வரும். அப்போது வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட, லேசிக்குக்கு முந்தைய அளவுகள் உதவும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆக, அந்த ரிப்போர்ட்டைக் கல்யாண ஆல்பத்தோடு பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது 'லேசர்' என்று சொன்னால் டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இது கண்ணின் எந்தப் பகுதிக்கு? பார்வையைக் கூட்டவா, இருப்பதைக் காக்கவா? எத்தனை தடவை வரணும், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? சென்னையில் கேட்டால் பதில் சொல்ல மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. தனியாரில் செலவு முடியாது என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, இருநூறு வருஷத்துக்கு மேலாக.

இந்த எபிசோடைச் சர்க்கரை உள்ள ஒருத்தருக்காவது அனுப்புங்க. கேட்க நேரமில்லன்னா, இந்தப் பக்கத்தில் பெரியப்பா பற்றிச் சொன்ன பத்தியை மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.